அப்பாவின் தோளுக்கு ஒரு ஹேண்டில்பார்

செப்டம்பர் 14, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அப்பாவின் பைக்கில் ஆக்சிலேட்டர் பக்கத்துக் கிரிப்பை, அதாவது கைப்பிடி ரப்பரை, இடது பக்கம் மாட்டிவிட்டேன். அதன் துளை கொஞ்சம் பெரிது. குழந்தை போட்டுக்கொண்ட பெரியவர் செருப்பு மாதிரி லொடலொடவென்று ஆடியது. நல்லவேளையாக, பசை தடவுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

எனக்கு இது புதிதில்லை. பைக் ரிப்பேர் மாலை வகுப்பில் சேரப் போன அன்றே, பெண் என்பதால், அண்ணனைச் சேர்க்க வந்தீர்களா என்று பையன்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. அப்பாவின் பைக்கில் நான் இறுக்கியது எதுவும் நிலைப்பதில்லை.

விடியற்காலையில் அப்பாவும் அம்மாவும் நடைப்பயிற்சிக்காகப் பைக்கில் மைதானத்துக்குப் போவார்கள். ஊரை எழுப்ப வேண்டாம் என்று தெருமுனை வரை பைக்கை இருவருமாகத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். திரும்பி வந்து நிறுத்தும்போது, முந்தின நாள் நான் சரிசெய்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தலை கவிழ்ந்திருக்கும். வாத்தியாரிடம் காட்டினேன். நட்டு நன்றாகத்தான் இருக்கிறது, உன் தைரியம்தான் லூஸ் என்றார்.

இன்றைய வேலையில் அப்படிக் கோட்டைவிட முடியாது. பல வருடம் மாவு பிசைந்த பிறகு, அம்மாவுக்குப் பேக்கரியில் காலை ஷிஃப்டின் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் புதுக் கிளை நகரத்தின் மறுகோடியில். முதல் பஸ் புறப்படுவதற்குள் அங்கே முதல் ரொட்டி வெந்திருக்க வேண்டும். பைக்கில் போனால்தான் உண்டு.

அப்பாவுக்கோ தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டையை ஹேங்கரில் மாட்டக்கூட அம்மாவைக் கூப்பிடுகிறார். மைதானம் வரை சமாளித்துவிடலாம். அவ்வளவு தூரம் தினமும் முடியுமா? என்னைக் கேட்டால், பைக்கைக் கழற்றத்தான் தெரியும். ஓட்டப் பயம். பேக்கரி முதலாளி இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். முடியாது என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். இப்போதிருக்கும் தாழ்ந்த ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு, உயரமாக, ஓட்டுகிறவர் பக்கமாக வளைந்து வருவதைப் போட்டால் கையை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை என்றார். அதை அவரே வாங்கியும் வந்துவிட்டார், மெத்தென்ற புதுக் கிரிப்புகளோடு.

டேங்க் மேல் பழைய போர்வையை விரித்துக்கொண்டேன். பழைய கிரிப்புகளைப் பிளேடால் கீறி உரித்தேன். பிரேக், கிளட்ச் லீவர்களையும் ஸ்விட்சுகளையும் கழற்றி, ஒயர் இழுபடாமல் தொங்கவிட்டேன். புதுக் கம்பியை வைத்து நான்கு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். ஒன்றை மட்டும் ஒரேயடியாக முறுக்கினால் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் கோணிக்கொள்ளும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவை ஏறி உட்காரச் சொல்லி, வாட்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். பசிக்கிறதா என்று கேட்டால்கூட அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

வாசற்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ஒரு விரல் அளவு பின்னாடி வரட்டும்."

உட்கார்ந்திருப்பவர் அவர், வலிக்கிற தோளும் அவருடையது, அளவு மட்டும் உன்னுடையதா என்று முணுமுணுத்துக்கொண்டே போல்ட்டுகளைத் தளர்த்தினேன். மேற்பார்வையாளர் வேலைக்கு இவள் சரியான ஆள்தான் என்று அப்பா சிரித்தார். அம்மா ஒரு பட்டாணியை எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

கிரிப்புகளைச் சரியான பக்கம் பார்த்து ஒட்டினேன். பசை காய்ந்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டேன். டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் கடைசி வரை திருப்பினேன். கேபிள் இழுபடவில்லை, இன்ஜின் தானாக உறுமவில்லை. நம்பிக்கை வராமல் மறுபடியும் திருப்பினேன்.

அதற்குள் உள்ளே அம்மா பேக்கரி முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது. நாளைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புது ஹேண்டில்பாரோடு அப்பா இன்னும் ஒரு தெருகூடச் சுற்றிவரவில்லை. "அவசரப்பட்டுட்டியேம்மா. பாதி வழியில அப்பாவுக்குத் தோள் மக்கர் பண்ணினா?"

"இப்பவே ஒரு சுத்து போய்ப் பார்த்துட்டா ஆச்சு. நீ போய்க் கையைக் கழுவுடி, கதவெல்லாம் கிரீஸ்."

இரண்டு பேர் பாரத்தோடு ஓட்டிப் பார்ப்பதும் நல்லதுதான் என்று உள்ளே போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அப்பா கிளட்சைப் பிடித்துக் கிளம்புவதை நானும் பார்த்துவிட வேண்டும் என்று ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினேன்.

வாசற்படியிலேயே அப்பா மேல் மோதிக்கொண்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, திருடிய பையன் மாதிரி நின்றிருந்தார்.

"லைசென்ஸ் போன வாரம்தான் கைக்கு வந்துச்சு," என்றார். "முன்னாடியே உன்கிட்டச் சொல்லியிருந்தா, பயந்துபோய்த் தெருமுனை தாண்ட விட்டிருக்க மாட்டே."

யாருடைய லைசென்ஸ் என்று கேட்க வாயைத் திறந்தேன். பைக்கிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பேசினது போதும். பின்னாடி ஏறுங்க." பக்கக் கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைய வேலை: அப்பா பிடித்துக்கொள்ளப் பின் சீட்டில் ஒரு கம்பி பொருத்த வேண்டும்.