ஐந்து கிண்ணங்களும் ஒரு கறிச்சட்டியும்

அந்த அடுப்படியில் எல்லாவற்றுக்கும் மூத்தது கறிச்சட்டிதான். அன்று ரெஜினா அதைத் தொடவே இல்லை. கொத்துக்கறியை முட்டை ஊற்றிப் பிசைந்து, புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று ஆளுக்கொரு கிண்ணத்தில் அடைத்து, இட்லிச் சட்டியில் அவித்து எடுத்தாள்.

"இனிமே இந்த வீட்ல பங்குச் சண்டையே வராது அண்ணே!" என்று கிண்ணங்கள் கறிச்சட்டியிடம் பூரித்தன.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் ஐந்து கிண்ணங்களும் துடைத்துவைத்த மாதிரி திரும்பி வந்தன.

"சமைச்சவளுக்கு எந்தக் கிண்ணம்?" என்று கேட்டது கறிச்சட்டி.



ரெஜினா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் கறிச்சட்டியை அலமாரியிலிருந்து இறக்கி அடியைக் கரண்டியால் சுரண்டினாள். இத்தனை வருஷமும் அவளுக்கென்று அடியில் கொஞ்சம் கறியை விடாமல் பிடித்து வைத்திருந்த சட்டி, அன்று வெறுமனே கணகணவென்று ஒலித்தது.