சிறுகுடல் அடைத்த சுவர்

நின்றுபோன இதயம் மறுபடி துடித்ததும் அந்த உடம்புக்குள் ஒரே கொண்டாட்டம். சிறுகுடல் மட்டும் அதில் சேரவில்லை. ஆபத்து என்றால் முதலில் சிறுகுடலின் ரத்தத்தைப் பிடுங்கி மூளைக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். பட்டினி கிடந்து கிடந்து அதன் உள்சுவர் நைந்துபோயிருந்தது.

அது தெரியாமல், இதயம் சந்தோஷத்தில் மடை திறந்த மாதிரி ரத்தத்தை அனுப்பியது. மிச்சமிருந்த சுவரும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்ன தம்பி, விருந்து அனுப்பினா முகத்தைச் சுளிக்கிறே?" என்றது இதயம்.

"கோபமில்லேண்ணே. எனக்குள்ள இருக்கிற கிருமிக் கூட்டம் இந்த ஓட்டை வழியா ரத்தத்துல ஏறிட்டா, நீங்க பிழைச்சதே வீணாப் போயிடும். எனக்கு வேலை கிடக்கு."

உதிர்ந்த சுவரைப் பார்த்துச் சிறுகுடல் அழவில்லை. சுவரடிப் பள்ளங்களில் உயிரோடு ஒண்டியிருந்த செல்களைத் தட்டி எழுப்பியது. ஒன்றின் தோள்மேல் ஒன்றை ஏற்றி, ஓட்டை ஓட்டையாக அடைத்தது. மேலே டாக்டர்கள் மாற்றி மாற்றி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயத்தையே மெச்சினார்கள். அதைக் காதில் வாங்கவும் சிறுகுடலுக்கு நேரமில்லை.

ஒரு காலையில் நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தாள். கடமுடவென்று சத்தம் கேட்டது. குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அவள் முகமெல்லாம் சிரிப்பு.

இதயத்துக்கு வெட்கமாகிவிட்டது. "இத்தனை நாள் உன் பேச்சை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லையே தம்பி! இன்னொரு தரம் சொல்லு, கொஞ்சம் நின்னு கேக்கறேன்."

"ஐயோ, நிக்காதீங்கண்ணே!" என்று பதறியது சிறுகுடல். "ஓடிக்கிட்டே கேளுங்க."