மூடிய எண்கள்

காலை ஏழே கால். தரையில் விரித்த எரிமலைப் பாறை வரைபடத்தின் மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்திருக்கிறது. அந்தப் பாறைகளில் யாரும் இன்னும் கண்டுபிடிக்காத தங்க, வெள்ளிப் படிவுகள் எத்தனை இருக்கும் என்று நிலவியலாளர் இளவரசி மூன்று எண்கள் எழுத வேண்டும்: குறைந்தது இத்தனையாவது இருக்கும் என்று தொண்ணூறு சதவீத உறுதியோடு சொல்ல ஓர் எண், ஐம்பதுக்கு ஓர் எண், பத்துக்கு ஓர் எண். அவளுடைய ஆய்வுக் குழுவில் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது.

டீயை வைத்துவிட்டு அவள் கணவன் தமிழ்வாணன் பக்கத்தில் உட்காருகிறான். கணுக்காலில் வயல் சேறு காய்ந்திருக்கிறது. "தொண்ணூறுக்கு இன்னாமே சைபர் போட்டுக்கீறே?"

"உறுதின்னு எயுத கை வர்ல, மாமா."

கருத்தரிப்பு மருத்துவமனையிலிருந்து மத்தியானம் இரத்தப் பரிசோதனை முடிவு வரும். முன்பு இரண்டு முறையும் கரு தங்கவில்லை என்றே வந்தது.

அவன் நேற்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பாதியை அவளிடம் நீட்டுகிறான். "நம்முளுக்கும் எயுதலாம். காட்டக் கூடாது."

இருவரும் எழுதி, உள்ளங்கையால் மூடுகிறார்கள். சுண்டுவிரல்கள் தொட்டுக்கொள்கின்றன. டீயில் ஆடை படிகிறது.

"நான் தொண்ணூறுக்கே ஒண்ணு போட்டுட்டேன்மே. நீ?"