கப்பல் போட்ட காசு

“சேக்க ஆரம்பிக்கிற முதல் காசுன்னா எல்லாரும் பளபளன்னுதான் கேப்பாங்க. நீங்க என்னண்ணே, தேஞ்சதாப் பாத்துப் பொறுக்குறீங்க?” என்று சிரித்தார் பழைய காசுக் கடைக்காரர்.

“சின்னதா இருக்கணும். ஒரு பக்கம் கப்பல் போட்டிருக்கணும்,” என்றார் பெயிண்டர்.

தட்டில் கிடந்த தங்கக் காசுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தார். வண்டியை விற்ற பணம் அதோடு தீர்ந்தது.

“ஒண்ணு வாங்கிட்டா கை சும்மா இருக்காது. அடுத்ததுக்கும் இங்கதான் வருவீங்க, பாருங்க!”

பெயிண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் பெயிண்ட் அடித்த டாக்டரம்மா வீட்டுக்கு நேரே நடந்தார்.

“என்னப்பா, நடந்தா வந்தே? வண்டி எங்கே?”

“ரிப்பேரும்மா. மாடி ரூம்ல ஒரு கை பெயிண்ட் பாக்கி இருக்கு, பாத்துட்டு வந்துடறேன்.”

மாடியில் டாக்டரம்மாவின் காசுப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலியாக இருக்க வேண்டிய குழியில் கப்பல் காசு இருந்தது. போன மாதம் அவரே திருடிக்கொண்டு போய் வீட்டில் பிரஷ் டப்பாவுக்குள் ஒளித்து வைத்த காசு. பிறகு அங்கிருந்தும் காணாமல் போன அதே காசு.

“உன் சம்சாரம் போன வாரமே கொண்டுவந்து குடுத்துட்டா.” பின்னால் டாக்டரம்மா நின்றிருந்தார். “டப்பா கழுவும்போது கிடைச்சுதாம். ‘அவரே வந்து சொல்லுவாரும்மா, அதுவரைக்கும் கேக்காதீங்க’ன்னு ஒரே அழுகை.”

பெயிண்டர் தலை நிமிராமல் கையிலிருந்த காசை நீட்டினார்.

டாக்டரம்மா அவர் விரல்களை மடக்கிவிட்டார்.

“இது உன் காசு. வண்டி எங்கேன்னு அவ கேப்பால்ல, அப்போ காட்டு.”