காரியதரிசியின் கழுத்து

யோங் பெங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில், நாலு குடிகாரர்களுக்கு நடுவே ஐந்தாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் லெட்சுமணன். எல்லாருக்கும் நெறி கட்டி, தாடையும் கழுத்தும் ஒன்றாகியிருந்தன.

அவன் தோட்டத்துக் கள் எதிர்ப்புச் சங்கத்தின் காரியதரிசி. ஞாயிறுதோறும் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, "கள்ளைத் தொடுறவன் மனுசனே இல்ல!" என்று முழங்குகிறவன். இப்போது துண்டால் கழுத்தை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் பெர்னார்ட் ஒவ்வொருவர் தொண்டையாகப் பார்த்தார். "நெறிக்காய்ச்சல். தொண்டைப்புண்ணு தானா ஆறிடும், அசதிதான் லேசுல போகாது. மண்ணீரல் வீங்கியிருக்கு, கனமா எதையும் தூக்காம படுத்துக் கெடங்க. எச்சி பட்டுத்தான் தொத்துது போல. ஒரே மங்குலயா குடிச்சீங்க?"

"கள்ளுக்கடையில எல்லாருக்கும் ஒரே மங்குதான் சார்," என்றான் சின்னத்தம்பி. லெட்சுமணனைப் பார்த்துச் சிரித்தான். "காரியதரிசி எப்ப வந்து குடிச்சாருன்னுதான் தெரியல."

"சத்தியமா நான் தொட்டதில்ல சார்!"

யாரும் நம்பவில்லை. தோட்டக் குடியிருப்பான லயம் வரைக்கும் அந்தச் சிரிப்பு அவன் பின்னாலேயே வந்தது. மானம் போன மனிதனாக வீட்டுக்குள் நுழைந்து சுருண்டு படுத்தான்.

அவன் மனைவி அங்கம்மா கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தாள். "சூடா குடிக்காதீங்க. இந்த வலிக்கு ஆறின கஞ்சிதான் எறங்கும்."

"யாரு எச்சியும் நான் குடிச்சதில்லயே அங்கம்மா. எனக்கு எப்படி வந்துச்சு?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்கிட்டேருந்துதாங்க. போன மாசம் எனக்கும் இப்படித்தான் கழுத்து வீங்கிச்சு. சேலையை இழுத்து மூடிக்கிட்டேன், நீங்க பாக்கல. நம்ம வீட்டுல இருக்கறதே ஒரு சொம்பு." குரல் உடைந்தது. "பாப்பா போனதுலேருந்து தூக்கமே இல்லைங்க. நீங்க கூட்டம் கூட்டம்னு போயிடுவீங்க. கள்ளுக்கடைப் பின்பக்கம் போயி ஒரு வாய் குடிச்சாத்தான் கண்ணு மூடும்."

கோபம் பொங்கிக்கொண்டு வரும் என்று நினைத்தான். வரவில்லை. குழந்தையைப் புதைத்த அந்த வாரமே கோயில் வாசலில் நின்று கைதட்டல் வாங்கியது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் ஆள் அரவம் கேட்டது. சங்கத் தலைவர் கனகராஜ் நாலைந்து பேரோடு வந்து நின்றார்.

"லெட்சுமணா, நீ தொட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா கள்ளுக்கடைச் சீக்கு உன் வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?" அவர் பார்வை மெல்ல அங்கம்மாவின் பக்கம் திரும்பியது.

லெட்சுமணன் சுவரைப் பிடித்து எழுந்து, அவளை மறைத்தபடி நின்றான்.

"நான்தாங்க குடிச்சேன்."