உட்காராத நாய்

"ஊர் நாய்க்கெல்லாம் பாடம் நடத்துற. நம்ம வீட்டு நாய் உட்காருதா பாரு!" நாய்ப் பயிற்சியாளரான மகள் மேல் அம்மா எரிந்து விழுந்தாள். "காலையிலேர்ந்து உங்கப்பா பிஸ்கட்டும் கையுமா அது பின்னாடியே அலையுறார்."

"அலையட்டும்மா. சின்ன வயசிலேர்ந்து அவருக்கு நாய்னா உயிர். அவருக்கு இது விளையாட்டு."

"பாவம்டி அந்த மனுஷன்!"

அப்போது கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"உக்காரு!"

நாய் பட்டென்று உட்கார்ந்தது. அப்பா பிஸ்கட்டைக் கொடுத்து அதைக் கட்டிக்கொண்டார்.

"அப்பாடா, ஒருவழியா கத்துக்கிச்சு!" என்றாள் அம்மா.

மகள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "அது எப்பவோ கத்துக்கிச்சும்மா. 'உக்காயு'ன்னா நிக்கணும், 'உக்காரு'ன்னாதான் உட்காரணும்னு பழக்கி வெச்சதே நான்தான்."

அம்மா கூடத்திலிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பக்கவாதம் வந்து நாக்குக் குழறிய நாளிலிருந்து, பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர் அவர்.

அப்பா நாயோடு உள்ளே வந்தார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பெருமையோடு சொன்னார்:

"பார்த்தியா? பொறுமையா சொல்லிக் கொடுத்தா யாரா இருந்தாலும் கத்துக்குவாங்க!"