காகம் கணக்கில் ஏறிய நாள்

ஐப்பசி பிறந்ததும் துறைமுகத்தை ஒட்டிய சேற்றுத்திட்டில் உள்ளான் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. பின்னாலேயே பைனாகுலரும் கையுமாகப் பறவை எண்ணுகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

பாதி எண்ணும்போதெல்லாம், படகு விளிம்பில் இருந்த காகம் "பருந்து! பருந்து!" என்று கத்தியது. குருவிகள் பதறி எழும்பின. எண்ண வந்த பிலோமினா எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பொறுக்கமாட்டாமல் ஓர் உள்ளான் படகுக்கே வந்துவிட்டது. "காக்காயண்ணே, பனிநாட்டிலேர்ந்து பட்டினியாப் பறந்து வந்திருக்கோம். தண்ணி ஏறிட்டா இந்தச் சேறு மூழ்கிடும். அதுக்குள்ள நாலு புழு தின்ன விடுங்களேன். வராத பருந்தை ஏன் கூப்பிடுறீங்க?"

"வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிறவன் நான். என் பக்கம் ஒருத்தராவது பைனாகுலரைத் திருப்பினாங்களா?"

அதற்குள் பிலோமினாவும் பொறுமை இழந்துவிட்டாள். "முதல்ல அந்தக் காக்காயை எழுதுங்கப்பா. அப்பவாவது வாயை மூடுதான்னு பார்ப்போம்."

காகம் கப்சிப். எண்ணுவதற்கு வாகாகக் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றது. உள்ளான்கள் நிம்மதியாகச் சேற்றைக் கிளறின.

அந்த நேரம் பார்த்து அதன் தம்பிக் காகம் பறந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"காக்காய் ரெண்டு" என்றாள் பிலோமினா.

ஒரு மீன்தலை கிடைத்தாலும் ஊரையே கரைந்து அழைக்கும் அந்தக் காகம், தம்பியின் வாலை வெடுக்கென்று கொத்தியது.

"போடா அந்தப் பக்கம்! அவங்க எண்ண வந்தது என்னை!"